ஒரே ஒரு ஆமா

"ஊட்டிவிடத் தெரியுது, ஒரு வார்த்தை பேசத் தெரியலையா?" அடுப்படி வாசலில் நின்று நாத்தனார் குத்தினாள். ஊட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. கணவரின் கோணிய வாயோரம் வழிந்த பாலைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். நாற்பது நாளாக இப்படித்தான். பணிவிடையில் குறை கிடையாது, பேச்சு மட்டும் கிடையாது.

அவர் தையற்காரர். நாற்பது நாளுக்கு முன் ஒரு காலையில் துணி வெட்டும்போது வலது கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் பதறினாள். வேலை அசதிதான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தடுத்தவள் நாத்தனார். அவளோடு மல்லுக்கட்டி வண்டி பிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது.

மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்திருக்கிறது, அடைப்பைக் கரைக்க மருந்து போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். ஏன் இவ்வளவு தாமதம் என்று கொழுந்தன் கேட்டதும், நரம்பில்லாத நாக்கு சட்டென்று புரண்டது.

"இவதான் தூங்கட்டும்னு விட்டுட்டா," என்றாள் நாத்தனார்.

கொழுந்தன் கட்டிலருகே குனிந்தான். "அண்ணிதான் தூங்கச் சொன்னாங்களாண்ணா?"

"ஆமா," என்றார் அவர்.

அவள் மறுத்ததை யாரும் நம்பவில்லை. அன்று முதல் உறவே அவளைக் கொலைகாரியைப் போலப் பார்த்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கட்டியவரே கழுத்தை அறுத்துவிட்டாரே... அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் பத்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் முதல்முறையாக வீட்டுக்கு வந்தாள். கொழுந்தனும் இருந்தான்.

"நீங்க தையற்காரரா?"

"ஆமா."

"நீங்க பொம்பளையா?"

"ஆமா."

கொழுந்தன் சிரித்துவிட்டான். தையற்காரரின் கண்கள் நிறைந்தன. பேச்சுக்கான இடத்துக்கு ரத்தம் போகாததால் வார்த்தைகள் போய்விட்டன, கேட்பது புரிகிறது, ஆனால் எதைக் கேட்டாலும் வாயில் வருவது இந்த ஒன்றுதான் என்று அந்தப் பெண் விளக்கினாள். சாப்பிடுகிறீர்களா, படுக்கிறீர்களா என்றே கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் யாருக்கும் இத்தனை நாள் அது உறைக்கவில்லை.

கொழுந்தனின் சிரிப்பு நின்றது. "அன்னிக்குத் தூங்கச் சொன்னது யாருண்ணா? கையைக் காட்டு."

இடது கை எழுந்து அக்காவைக் காட்டியது.

நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்தாள். "கூடப்பிறந்தவனை நானே கெடுத்துட்டேனேன்னு பயந்துட்டேன்... என்னை மன்னிச்சிடும்மா."

"அண்ணி, தூங்கச் சொன்னது தெரியாம செஞ்சது. அதை மன்னிச்சுட்டேன்," என்றாள் அவள். "என்மேல பழி போட்டது தெரிஞ்சே செஞ்சது. அதுக்கு இப்ப மன்னிப்புக் கேக்காதீங்க."

பிறகு கட்டிலோரம் உட்கார்ந்தாள். நாற்பது நாளாக இந்த மனிதர் ஒரு வார்த்தைக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறார். தன் மேல் விழுந்த பழியைப் போலவே ஒரு பழியை அவளும் அவர்மேல் போட்டிருக்கிறாள்.

"நாற்பது நாளா உங்ககிட்ட முகம் குடுத்துப் பேசல... என்மேல கோபமா?"

"ஆமா," என்றார். சொல்லிக்கொண்டே இடது கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.