இரண்டு குடம் சேறு

புதையல் தேடிப் போகிறவர்கள் கையில் வரைபடம் இருக்கும். அன்று விடிந்ததும் சிறுமலை அடிவாரத்து ஓடைக்குள் இறங்கிய மூன்று பேரிடம் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு மண்வெட்டி, ஒரு கம்பு. அவர்கள் தேடிப் போனது காட்டுப்பன்றி புரண்ட சேறு. சிரிக்க வேண்டாம். அந்தச் சேற்றை நம்பித்தான் ஒரு குடும்பம் இருந்தது.

முன்னால் நடந்தவள் வெள்ளத்தாயி. ஆடு மேய்ப்பவள், மலையில் அவள் கால் படாத தடம் கிடையாது. அவளுக்குப் பின்னால் அவளுடைய தோழி செவ்வந்தி. கடைசியாக மூச்சு வாங்க வந்தவர் பட்டறைக்காரர் சவரிமுத்து. ஊரில் பாதி கேட்டுகள் அவர் வெல்டிங் வைத்தவைதாம்.

செவ்வந்தியின் மக்காச்சோளத்தை இரண்டு வருடமாகப் பன்றிகள் தின்று தீர்த்திருந்தன. அவள் கணவன் பாண்டி திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தான். போன முறை வந்தபோது ஒரு பித்தளைப் பூட்டை வாங்கி வந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். இந்த வெள்ளாமை வீடு சேர்ந்தால் அவன் ஊரோடு வந்துவிடுவான். சேராவிட்டால் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்ப வேண்டும். அதுதான் பேச்சு. தினமும் காலையில் கண் விழித்ததும் அவள் பார்ப்பது அந்தப் பூட்டைத்தான். ஊரை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

வெடி வைக்கக் கூடாது, வேலியில் கரண்டு விடக் கூடாது, உயிரோடு பிடித்தால் ஏற்றிக்கொண்டு போய் உள்காட்டில் விடுகிறோம் என்று வனத்துறையில் சொல்லி, கூண்டு வைக்க அனுமதியும் தந்திருந்தார்கள். சவரிமுத்து நல்ல கம்பியில், மேலே மூடாமல், சதுரமாக ஒரு பெரிய கூண்டு செய்தார். மேலே தூக்கிக் கட்டிய கதவு. கயிற்றை இழுத்தால் தடாலென்று விழும்.

புதுச் சாமானை அப்படியே புழங்க நம் ஆட்களுக்கு மனசு வருமா? செவ்வந்தி கூண்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டினாள். சவரிமுத்து தன் பங்குக்கு அந்தோணியாரை வேண்டிச் சாம்பிராணி போட்டார். கூண்டு கோயிலாக மணத்தது. உள்ளே அழுகிய பலாப்பழம் வைத்து ஐந்து நாள் காத்திருந்தார்கள். கால்தடங்கள் பத்தடி தூரம் வரை வந்து, திரும்பிச் சோளத்துக்குள் போயிருந்தன.

ஆறாம் நாள் வெள்ளத்தாயி கதவை மோந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, பன்னிக்கு மூக்குதான் கண்ணு. இம்புட்டுக் கற்பூரத்தக் கொளுத்தி வச்சா எப்பிடி வரும்? சாமி கும்புடவா வருது?"

அதனால்தான் இந்தப் பயணம். கூண்டைக் கழுவி, பன்றிகளுக்குப் பழகிய சேற்றையே அதன்மேல் பூச வேண்டும்.

ஒரு மணி நேரம் ஏறினார்கள். ஓடை திரும்பும் இடத்தில் புங்கமரத்து அடிப்பட்டையில் முழங்கால் உயரத்துக்கு ஈரச் சேறு அப்பியிருந்தது. "ஒரசிட்டுப் போயிருக்கு. கிட்டத்துல இருக்கோம். பேசாம வாங்க" என்றாள் வெள்ளத்தாயி.

புதருக்கு அப்பால் குட்டை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒரு குடம் நிரம்பியது. இரண்டாவது பாதி நிரம்பும்போது எதிர்க்கரையில் நாணல் அசைந்தது. காது கிழிந்த பெரிய தாய்ப்பன்றி ஒன்று வெளியே வந்து நின்றது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை.

"ஓடாதீங்கண்ணே. அப்பிடியே நில்லுங்க" என்றாள் வெள்ளத்தாயி மெல்ல.

சவரிமுத்துவின் உதடுகள் மட்டும் அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. தாய்ப்பன்றி ஒருமுறை உறுமியது, மூக்கைத் தூக்கியது. செவ்வந்தி கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று. மூவரும் பக்கவாட்டில் அடி மேல் அடி வைத்து விலகினார்கள். செவ்வந்தி குடத்தை விடவில்லை.

திரும்பும் வழியில் வெள்ளத்தாயி இன்னொன்றும் சொன்னாள். "அண்ணே, ஆட்டுக்கு நாங்க வட்டமாத்தான் பட்டி போடுவோம். மூல இருந்தா அதுல போயி நெருக்கி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிரும். பன்னி ஏறுனா வெளிய குதிச்சிரும்."

சவரிமுத்துவுக்கு முகம் தொங்கிவிட்டது. அந்தச் சதுரத்தை அளந்து சேர்க்க அவர் ஒரு வாரம் உழைத்திருந்தார். ஆனாலும் மறுநாள் அவரே வந்து, நாலு பக்கத்தையும் எட்டாக வெட்டி, வட்டமாக நிறுத்திப் பிணைத்தார். செவ்வந்தி கம்பி கம்பியாகச் சேற்றைப் பூசினாள். கதவைத் தூக்கியே கட்டிவைத்து, தினமும் பலாப்பழம் போட்டு, ஒரு வாரம் யாரும் பக்கத்தில் போகவில்லை. முதலில் குட்டிகள் வந்து தின்றன. பிறகு பெரியவை. தாய் மட்டும் வெளியே நின்றது.

எட்டாம் நாள் விடியலில் மூவரும் வேப்பமரத்துப் பரணில் இருந்தார்கள். கயிறு செவ்வந்தி கையில். பன்றிகள் வரிசையாக உள்ளே போயின. பத்து. தாய் வாசலில் நின்றது.

"இழு தங்கச்சி. பத்து போதும்" என்று கிசுகிசுத்தார் சவரிமுத்து.

"போதாதுண்ணே" என்றாள் செவ்வந்தி. "அவ தப்பிச்சா இனிமே எந்தக் கூண்டுக்கும் வரமாட்டா. அடுத்த வருசம் இன்னொரு பத்தக் கூட்டிக்கிட்டுச் சோளத்துக்கு வருவா."

உள்ளே பலாப்பழம் தீர்ந்துகொண்டிருந்தது. ஒன்று வெளியே வந்தாலும் எல்லாம் வந்துவிடும். இழுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இழுக்கவில்லை.

தாய்ப்பன்றி கதவுக் கம்பத்தை மோந்தது. தன் குட்டையின் சேறு. முதுகை அதில் சாவகாசமாக ஒருதரம் தேய்த்துக்கொண்டது. பிறகு உள்ளே போனது.

செவ்வந்தி இழுத்தாள்.

கதவு விழுந்த சத்தம் மலையில் மோதித் திரும்பியது. பதினொன்றும் சுற்றிச் சுற்றி ஓடின. ஏறிக் குதிக்க மூலை இல்லை. சவரிமுத்து பரணிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் தூசி என்றார். பகலில் வனத்துறை வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த மாதம் சோளம் வீடு வந்தது. பாண்டியும் பெட்டியோடு வந்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் கூண்டை இரவல் கேட்டு வந்திருந்தார்கள். நல்ல காரியம் என்று அவன் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப, செவ்வந்தி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நமக்கு மணக்குறது எல்லாத்துக்கும் மணக்காது. பிடிச்சப்பறம் கொளுத்தச் சொல்லுங்க."

அவன் ஒன்றும் புரியாமல் சுவரைப் பார்த்தான். ஆணி வெறுமையாக இருந்தது.

"பூட்டு எங்க புள்ள?"

செவ்வந்தி கையைக் காட்டினாள். சோளம் அடுக்கிய அறையின் கதவில் அது தொங்கிக்கொண்டிருந்தது.