லென்ஸ் காட்டிய தூரம்

பிணம் ஆறடி தள்ளிக் கிடந்தது. லென்சோ நாலடி என்றது.

லென்சின் மேலே ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். லென்ஸ் எவ்வளவு தூரத்தில் இருப்பதைத் தெளிவாகப் பிடித்திருக்கிறது என்பதை அதில் ஓடும் எண் காட்டும். போலீசுக்குப் படமெடுக்கும் அவன் மறுபடியும் பொத்தானை அழுத்திப் பார்த்தான். நாலடிதான்.

சாத்திய அறைக்குள் மத்தியான வெக்கையும் ரத்தவாடையும் தேங்கி நிற்க, உள்ளே எங்கோ ஒரு குழாய் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் கிடந்தவரின் கழுத்தை யாரோ விறகு பிளப்பதுபோல் பிளந்திருந்தார்கள். போன வழக்கில் அவன் பயந்துபோய் எட்டி நின்று எடுத்த படங்களில் காயமே தெரியவில்லை என்று நீதிபதி தள்ளிவிட்டார். கதவுக்கு வெளியே நின்ற இன்ஸ்பெக்டர் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன். யார் யார் காலிலோ விழுந்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர்.

"லென்ஸ் சரியில்லண்ணே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கிட்டப் போய் எடுடா. இன்னைக்கும் சொதப்பினா உன் வேலைய என்னால காப்பாத்த முடியாது."

எடுத்தான். திரையில் பார்த்தான். பிணம் மங்கலாக இருந்தது. அதற்கு முன்னால், வெறும் காற்று இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கை துல்லியமாக விழுந்திருந்தது. நகக்கண்ணில் ரத்தம். அது பிடித்திருந்த அரிவாளில் தலைமுடி ஒட்டியிருந்தது.

நிமிர்ந்தான். அறையில் யாரும் இல்லை.

ஓரடி பின்வாங்கி, பொத்தானை அழுத்தினான். மூன்றடி. இன்னும் பின்னால் போனான். இரண்டு. முதுகில் சுவர் இடித்தது.

ஒன்றரை.

அதற்குக் கீழே அந்த லென்சுக்கு எண் கிடையாது. அவ்வளவு கிட்டத்தில் இருப்பதை அதால் பிடிக்க முடியாது. உள்ளே மோட்டார் முன்னும் பின்னும் துழாவியது. அவன் முகத்தில் மூச்சுக்காற்று பட்டது. சூடாக.

முதல் வெட்டு தோளில். அடுத்தது கழுத்தில். எலும்பு முறிவது அவனுக்கே கேட்டது. கத்த வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

"என்னடா சத்தம்?" அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வாசற்படியில் நின்றார்.

வராதீங்கண்ணே. சொல்ல நாக்கு எழவில்லை. வாசலைப் பார்த்து விழுந்திருந்த கேமராவின் பொத்தானை அவன் விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேரே எண் ஓடியது.

இரண்டடி. நாலடி. ஆறடி.

அண்ணன் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் எட்டடி தூரம்.

எண் ஏழில் வந்து நின்றது.