கடையை அணைத்த மத்தியானம்

அந்த வீட்டில் பேச்சு இரண்டு வகை. ஒன்று வாயால் பேசுவது. இன்னொன்று கையால் பேசுவது.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் கையால் பேசுவாள். எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வாள், மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். தங்கைக்குப் பத்து வயது. அவளுக்கு இரண்டு பேச்சும் தெரியும், இரண்டிலும் ஓயவே மாட்டாள். அதனால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர் ஆகிவிட்டது.

"வாய் சும்மா இருந்தா கை பேசுது, கை சும்மா இருந்தா வாய் பேசுது. தூங்கும்போதாவது ரெண்டுக்கும் லீவு குடுடி!" என்பாள் அம்மா.

எங்கே கொடுப்பது? தூக்கத்திலும் போர்வைக்குள் அவள் விரல்கள் அசைவதை அக்கா பார்த்திருக்கிறாள்.

தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அக்கா ஒரு கதை சொல்வாள். ஒரே கதைதான், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். ஒரு திமிங்கலம் வழி தவறி வானத்துக்கு ஏறிவிட்டது. மேகத்துக்குள் நீந்துகிறது. அது பெருமூச்சு விட்டால் கீழே மழை பெய்கிறது. கடலுக்குத் திரும்ப வழி தேடுகிறது. அக்காவின் வலது கை திமிங்கலம். இடது கை மேகம், மலை, நிலா, எது தேவையோ அது.

கடைசியாகச் சொன்ன அன்று, திமிங்கலத்தின் வால் ஒரு மணிக்கூண்டின் முள்ளில் மாட்டிக்கொண்டது. மீதி நாளைக்கு என்று அக்கா கையை மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் கருகிப்போனது.

புதியது வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை இருக்கும் கரண்டைத் தெருவுக்குத் தெரு பங்கு போட்டார்கள். இவர்கள் தெருவுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் ஒன்பதரைக்குத்தான் வரும்.

கரண்ட் போனால் மற்றவர்களுக்கு விளக்கும் ஃபேனும் போகும். அக்காவுக்குப் பேச்சும் சேர்ந்து போய்விடும். இருட்டில் யாருடைய கையும் தெரியாது, உதடும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் இருட்டிலேயே பேசிச் சிரிப்பார்கள். அக்கா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

போன் வெளிச்சம் அரை மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்து செத்தது. மெழுகுவர்த்தி என்று வாயாடி வாயைத் திறந்ததுமே அம்மா பதறினாள். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். "வீடு பூரா துணி குவிஞ்சு கெடக்கு. இதுல நெருப்பா? வேற வினையே வேண்டாம்."

இப்படியே ஆறு சாயங்காலம் போனது. திமிங்கலம் மணிக்கூண்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் அக்கா வெளியூருக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். அதற்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகைப் பார்த்தபடி வாயாடி விரல் விட்டு எண்ணினாள். பதினைந்து சாயங்காலம். எல்லாமே இப்படி இருட்டிலேயே போய்விட்டால்?

ஏழாவது நாள் அப்பா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அப்பா பஸ் டிரைவர். பெட்டிக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச் லைட்.

"எல்லாரும் ரெடியா? இதை பஸ்ஸுல மாட்டினா அடுத்த ஊர் ஆட்டுக்குட்டி கூட தெரியும்!" என்று பொத்தானை அமுக்கினார்.

வீடு வெள்ளையாக வெடித்தது. சுவரில் இருந்த பல்லி திருட்டில் மாட்டியதுபோல அப்படியே நின்றது.

"ஐயோ, கண்ணு போச்சு! அணைங்க!" என்றாள் அம்மா.

"வெளிச்சம் கேட்டீங்க, கொண்டுவந்தேன். இப்ப அணைக்கச் சொல்றீங்க!"

"நாங்க வெளிச்சம் கேட்டோம். நீங்க சூரியனைப் பிடிச்சுட்டு வந்திருக்கீங்க."

வாயாடிக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினாள். வலது கையில் டார்ச், இடது கையில் பேச்சு. ஒரு கையால் பேசினால் பாதி வார்த்தைதான் வரும். அக்கா புரியாமல் புருவத்தைச் சுருக்கினாள். வாயாடி டார்ச்சை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் கீழேயிருந்து அடித்ததும் அவள் முகம் பேய் மாதிரி ஆனது. அக்கா முதலில் அலறி, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் பிடிக்கிறேன், நீங்க பேசுங்க," என்று அப்பா டார்ச்சை அக்காவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

அக்கா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கூசும் கண்ணை மறைக்கவும் கை வேண்டும், பேசவும் கை வேண்டும். இருப்பதோ இரண்டே கை.

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாயாடி டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க ஒரே கறுப்பு. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒன்று, இரண்டு, பத்து என்று நட்சத்திரங்கள் தெரிய ஆரம்பித்தன. பகலில் இதெல்லாம் எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்தது. தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அப்பா," என்றாள் திடீரென்று. "கடைல இந்த டார்ச்சைப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாக்காம வாங்குவேனா? கடை பூரா டியூப்லைட். அவ்வளவு வெளிச்சத்துலயும் இது ஒண்ணுதான் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதான் வாங்கினேன்."

"அதான் தப்பாப் போச்சு. நம்ம வீட்ல அப்ப டியூப்லைட் எரியாதே!"

இருட்டில் அப்பா தலையைச் சொறியும் சத்தம் கேட்டது.

மறுநாள் மத்தியானம் அப்பாவுக்கு வேலை இல்லை. டார்ச்சை மாற்றிக்கொள்ள மூவரும் கடைக்குக் கிளம்பினார்கள். அம்மாவுக்கு அவசரத் தையல் இருந்தது.

"எனக்கு ஊசிக்காது தெரிஞ்சா போதும். ஆனா எதை வாங்கினாலும் ஒருத்தியே தூக்கி வைக்கிற மாதிரி இருக்கணும், சொல்லிட்டேன்," என்று பல்லில் நூலைக் கடித்தபடி சொன்னாள்.

கடைக்காரர் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர். அவருக்குப் பின்னால் அலமாரி அலமாரியாக விளக்குகள். கீழே கைப்பிடி வைத்த பேட்டரிப் பெட்டிகள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரிசையாக இருந்தன. சுவரில் சார்ஜ் போட்டு வைத்தால், கரண்ட் போனபிறகு அதிலிருந்து விளக்கும் ஃபேனும் ஓடும்.

"வீட்ல என்னென்ன ஓடணும்?" என்று கேட்டார்.

"தினம் ரெண்டரை மணி நேரம் கரண்ட் இருக்காது. டிவி ஓடணும், மேட்ச் நடக்குது. ஃபேன். மிக்ஸி. அயர்ன் பாக்ஸ்," என்று அப்பா அடுக்கினார்.

"அயர்ன் பாக்ஸா? சூடு பண்ற சாமான் எதையுமே மாட்டாதீங்க சார். ஒரே உறிஞ்சா உறிஞ்சிடும், பெட்டி படுத்துக்கும். டிவியும் ஃபேனும் விளக்கும் சேர்ந்து ரெண்டரை மணி நேரம் ஓடணும்னா பெரிய பெட்டிதான் வேணும்."

அக்கா பெரிய பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. நடுத்தரப் பெட்டியைத் தூக்கினாள். சுலபமாக வந்தது. தூக்கிக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள்.

"இதுல ஃபேனும் விளக்கும் ரெண்டரை மணி நேரம் ஓடி இன்னும் மிச்சம் இருக்கும். டிவிக்கு மட்டும் தாங்காது," என்றார் கடைக்காரர்.

அப்பாவின் முகம் தொங்கியது. "அது கெடக்கட்டும். முதல்ல விளக்கைப் பாப்போம்."

கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. மேலே பன்னிரண்டு டியூப்லைட் எரிந்தால் வேறு எப்படித் தெரியும்?

வாயாடி தொண்டையைச் செருமினாள். "அங்கிள், கடையைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?"

"எதை அணைக்க?"

"கடையை. முழுசா. ஷட்டரையும் இறக்கிட்டு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இருபது வருஷமா விளக்கு விக்கிறேன். இருட்டு வேணும்னு கேட்டவ நீ ஒருத்திதாம்மா."

ஆனாலும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஷட்டர் கடகடவென்று இறங்கியது. டியூப்லைட்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின.

மத்தியானம் காணாமல் போனது. வெளியே வண்டிச் சத்தம் ரொம்ப தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. கடைக்குள் சார்ஜ் ஏறும் பெட்டிகளின் பச்சைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் மட்டும் மிதந்தன. கடலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது, வானத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. அக்கா தங்கையின் விரலைப் பிடித்து அழுத்தினாள். திமிங்கலம் இருக்கும் இடம் இதுதான் என்று அர்த்தம்.

முதல் விளக்கு எரிந்தது. நீல வெள்ளை. அக்கா கண்ணைச் சுருக்கினாள். வேண்டாம்.

இரண்டாவது, மேலே தொங்குவது. கை தெரிந்தது, முகம் நிழலில் ஒளிந்துகொண்டது. வேண்டாம்.

மூன்றாவது தலையில் மாட்டுவது. வாயாடி அதை மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாக்குற இடமெல்லாம் எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க போல," என்று வாயாடி அதைக் கழற்றினாள்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். "என்னங்க, கடை மூடிட்டீங்களா?"

"மூடலீங்க, அணைச்சிருக்கோம்!" என்று உள்ளேயிருந்து கத்தினார் கடைக்காரர். "அஞ்சு நிமிஷம் பொறுங்க!"

ஆறாவது விளக்கு உருண்டையாக இருந்தது. பாலாடை மாதிரி ஒரு மூடி போட்டிருந்தது. மேஜையில் வைத்ததும் மஞ்சளாக, மெதுவாக, யாரையும் குத்தாமல் வெளிச்சம் பரவியது. பக்கவாட்டிலிருந்து அக்காவின் முகம் தெரிந்தது. கைகள் தெரிந்தன. பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

வாயாடி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'அக்கா, நான் என்ன சொல்றேன்?'

அக்கா கையால் பதில் சொன்னாள். 'வழக்கம்போல அதிகமாகச் சொல்கிறாய்.'

பிறகு அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பாவுக்குக் கைப்பேச்சு அரைகுறைதான். அதனால் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன்னைக் காட்டினாள். அப்பாவின் முகத்தைக் காட்டினாள். ஏழு விரல் நீட்டினாள். கண்ணை மூடித் திறந்தாள்.

வாயாடி எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா கையமர்த்தினார்.

"புரிஞ்சுதும்மா," என்றார். காலையில் இருட்டோடு வேலைக்குப் போய், சாயங்காலம் இருட்டில் வீடு திரும்புகிறவர் அவர். போன ஏழு நாளும் அக்கா அவர் முகத்தையே சரியாகப் பார்த்திருக்கவில்லை.

அப்பா உருண்டை விளக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம், "நடுத்தரப் பெட்டியே போடுங்க. ஸ்கோரை நாளைக்குக் கண்டக்டர்கிட்ட கேட்டுக்கறேன். அவர் எப்பவும் கூட ரெண்டு ரன் சேர்த்துத்தான் சொல்வார்," என்றார்.

அன்று ஏழு மணிக்குக் கரண்ட் போனது. அம்மா பெட்டியை ஒரே கையில் தூக்கிவந்து நடுவில் வைத்தாள். ஃபேன் சுழன்றது. உருண்டை விளக்கு தையல் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தது. அம்மா ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிட்டு, ஏதோ பரிசு வாங்கியதுபோல எல்லாரையும் பார்த்தாள்.

அக்கா இடது கையை நிமிர்த்தினாள். அது மணிக்கூண்டு. வலது கை வாலை அசைத்தது.

அக்காவுக்குப் பின்னால் ஜன்னல் திரை. அதில் அக்காவின் கைகள் மிகப் பெரியதாக, மெத்தென்ற நிழலாக எழுந்தன. மேகம் வந்தது. மணிக்கூண்டுக்காரர் வந்தார். அவர் கடிகார முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார். ஊரில் எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. திமிங்கலத்தின் வால் நழுவி விடுபட்டது.

அப்பா இந்தக் கதையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "அடடே, யானையா அது?" என்றார்.

வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யானை இல்ல மாமா, பெரிய மீனு!"

அம்மா திரையை விலக்கினாள். வெளியே இருட்டில், எதிர்வீட்டு மதில்மேல் தெருப்பிள்ளைகள் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"திரையை மூடுங்க அத்தை! இப்பதான் வால் வெளிய வந்துச்சு!" என்று கெஞ்சினான் ஒரு பொடியன்.

வாயாடி திரும்பி அக்காவிடம் கையால் சொன்னாள். 'வெளியே கூட்டம். உன் கதைக்கு.'

அக்கா நம்பாமல் எட்டிப் பார்த்தாள். ஒன்பது முகங்கள் அவளையே பார்த்தன. அவள் காது மடல் வரை சிவந்தாள். பிறகு தானே திரையை இழுத்து மூடிவிட்டு, கையை மறுபடி உயர்த்தினாள். திமிங்கலம் நீந்திப் போனது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. தெருவிளக்கு பளிச்சென்று எரிந்ததும் திரையில் இருந்த நிழல் கரைந்துபோனது. மதில்மேல் இருந்து "அய்யய்யோ!" என்று ஒரே குரலாகக் கேட்டது.

எல்லாரிலும் சின்ன வாண்டு ஒன்று இறங்கி ஜன்னலடிக்கு ஓடிவந்தது. கம்பியைப் பிடித்து எம்பி, கவலையோடு கேட்டது. "அக்கா, நாளைக்கும் கரண்ட் போகும் இல்ல?"

வாயாடி அந்தக் கேள்வியைக் கையால் சொல்லத் தொடங்கினாள். ஆனால் அக்கா அந்தச் சின்ன உதட்டை ஏற்கெனவே படித்துவிட்டாள். ஜன்னலருகே குனிந்து, கடிகாரம் கட்டும் மணிக்கட்டைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் உயர்த்தி, ஏழு விரல்களை விரித்துக் காட்டினாள்.

அதை யாரும் அந்த வாண்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.