சிங்காரம் மிதித்த பிரேக்

ரிங்லெட் டவுனிலிருந்து மெக்கானிக் குணாளன் தன் மனைவி திலகாவோடு அந்தத் தேயிலைத் தோட்டத்து ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம்தான். ஆனாலும் பனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடியே தெரியவில்லை. சரிவான தரையில் அந்தப் பழைய லோரி நின்றது. தோட்டத்துப் பெண்களைத் திருவிழாவுக்கு ஏற்றிப்போக துரைக்கு இதுதான் வேண்டுமாம். ஊரில் வேறு லோரியே இல்லை பாருங்கள்!

தோட்டத்துக் கணக்கரான கிராணி தர்மா சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

“டிரைவர் சிங்காரம் செத்த லோரிலா இது. பிரேக் புடிக்காம பள்ளத்துல போச்சு. ஸ்டேரிங் நெஞ்சுல ஏறி முதுகு வழியா வந்துருச்சு. அப்பவும் வலது கால் பிரேக்க விடல. எலும்ப ஒடிச்சித்தான் ஆள வெளிய எடுத்தோம்.”

“பேயாவது நாயாவது! பம்பு சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும் கிராணி.”

 பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். வேறு ஆள் கிடைக்காமல்தான் திலகாவைக் கூட்டி வந்திருந்தான் குணாளன்.

முதலில் மாஸ்டர் பம்பைக் கழற்றிப் பிரித்தான். உள்ளே ரப்பரெல்லாம் கூழாகிக் கிடந்தது. கறுத்த எண்ணெயில் அழுகின இறைச்சி வாடை. சீ என்று வழித்துப் போட்டான். சிலிண்டரைத் தேய்த்து, புது பிரேக் எண்ணெயில் கழுவி, புது ரப்பர் போட்டு மறுபடி பூட்டினான். ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்திருந்ததால் முன் டயருக்கு மரக்கட்டையை அண்டக் கொடுத்தான். பிறகு திலகாவை மேலே பெடலருகே ஏற்றிவிட்டு, அடியில் புகுந்து மல்லாந்து படுத்தான்.

“மிதி!”

பெடல் இறங்கியது.

“பிடி... விடு!”

மூன்று சக்கரம் ஒழுங்காக முடிந்தது. நாலாவதற்குப் பின் டயருக்கு முன்னால் படுத்து “மிதி” என்றபோது பெடல் தரையில் முட்டுகிற சத்தம் கேட்டது. அடேயப்பா, இவளுக்கு இவ்வளவு பலமா! எண்ணெய் சீறியது. திருகை இறுக்கினான்.

அப்போதுதான் முன் டயர் அருகே திலகாவின் சிலிப்பரைப் பார்த்தான். அவள் அதில் நின்றுகொண்டிருந்தாள்.

“நீ எப்ப எறங்குன?”

“அப்பவே எறங்கிட்டேங்க. லோரி கெளம்புறதுக்கு முன்ன டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும்லா? கட்டை எடத்த அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

அப்படியானால் பெடலை மிதித்தது யார்? எவனோ விளையாடுகிறான் என்று குணாளனுக்கு ரத்தம் கொதித்தது.

“எவன்டா மேல? விடுடா பெடல!”

சொன்ன பிறகுதான் கட்டை இல்லை என்பது உறைத்தது.

“மேல யாருமே இல்லையேங்க,” என்று திலகா கிசுகிசுத்தாள்.

பெடல் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

லோரி உருண்டது.

பின் டயர் குணாளனின் இடது கையில் ஏறி, எலும்பைப் பொடியாக்கிக்கொண்டு தலையை நோக்கி வந்தது. அவன் அலறிய அலறலில் திலகா கதவைப் பிடித்துத் தாவி ஏறிப் பிரேக்கில் காலை ஊன்றினாள். டயர் அவன் காதை உரசி நின்றது.

“ஏங்க... யாரோ என் கால் மேல கால வைக்கிறாங்க. எடுக்கச் சொல்லுங்க!”

இன்னும் ஒரு விரற்கடை உருண்டால் அவன் மண்டை சிதறிவிடும். உயிர்ப் பயம் யாரை விட்டது?

“விடாதே!” என்று கத்தினான். “நல்லா மிதி! விடாதே!”

மேலே விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

இன்னொன்று.

பிறகு மனிதக் குரல் மாதிரியே இல்லாத ஓர் ஓலம். பலகை இடுக்கு வழியாக ரத்தம் அவன் கண்ணெதிரே ஒழுகியது. தர்மா ஆட்களோடு ஓடிவந்து ஜாக்கி வைத்துத் தூக்கும்வரை அது நிற்கவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் திலகாவின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். எந்தச் சக்கரம் ஏறியது என்று டாக்டர் கேட்டார். குணாளன் கையில் கட்டோடு கட்டிலருகே உட்கார்ந்து, தன் உயிருக்காக அவளைப் பலி கொடுத்தோமே என்று குமுறிக் குமுறி அழுதான்.

திலகா கண் விழித்தாள்.

“இன்னும் மிதிக்கிறான்ங்க.”

“அங்கதான் காலே இல்லியேம்மா...”

அவள் போர்வையைக் காட்டினாள். பாதம் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை மெத்தைக்குள் குழிந்து கிடந்தது. அவன் பார்க்கப் பார்க்கக் குழி ஆழமானது.

“நீங்க விடாதேன்னீங்க. அதான் விட மாட்டேங்குறான். நீங்களே சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

குணாளன் அந்தக் குழியை நோக்கிக் குனிந்தான்.

“விடு.”

போர்வை மெல்ல எழும்பியது. திலகா பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தில் வலி இல்லை.

கட்டிலுக்கு அடியில், குணாளனின் வலது கால் மேல் கனமாக ஒன்று ஏறி நின்றது.

மிதிக்க ஆரம்பித்தது.

விடு என்று சொல்ல வாயெடுத்தான். தூங்குகிற மனைவியைப் பார்த்தான்.

வாயை இறுக்கப் பொத்திக்கொண்டான்.