பக்கம் மாறாத ஞாயிற்றுக்கிழமை

தொலைபேசி அலறியது.

திங்கள் காலை, மான்டெவிடியோ. நெலிடா எடுத்தாள். ஒரு செய்தித் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுப்பது அவள் வேலை.

"இன்ஸ்பெக்டர் ஒலிவேரா பேசறேன். உங்க அண்ணன் வில்மார் பொய் சொல்றாரு, மேடம்."

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஊர்க்கோடி டயர் கடைக்காரன் ரமோன் கடைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டான். மனைவி மிர்த்தா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாளாம். ரமோனின் கூட்டாளி வில்மாரைப் பிடித்தார்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை வீட்டில் தனியாக மாத்தே டீ குடித்துக்கொண்டு, தங்கச்சியின் தளத்தில் கால்பந்து வர்ணனை படித்தேன் என்றான்.

போலீஸ் கேட்டு நெலிடா அனுப்பிய கணக்கிலோ, அவன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பார்வை... 3.02க்கு.

"ஒரே பக்கத்தை ரெண்டு மணி நேரம் முறைச்சுக்கிட்டிருந்தாரா?"

அவள் கணக்கே அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறது!

மறுபடி சரிபார்த்தாள். மூன்றாம் முறை உறைத்தது.

போன மாதம்தான் தளத்தை மாற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் புது வரி வந்தால் பக்கம் முழுவதும் மறுபடி இறங்கும். எண்ணும் கருவி கணக்கில் ஒன்றைக் கூட்டும். இப்போது பக்கம் அப்படியே நிற்கிறது. உள்ளே வரிகள் மட்டும் மாறுகின்றன. கருவிக்கு அது தெரியாது.

சர்வர் பதிவை எடுத்தாள். புது வரி கேட்டு வில்மார் வீட்டிலிருந்து 236 அழைப்புகள்!

ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் நீட்டினாள்.

ஒலிவேரா நிதானமாகப் படித்தார். "முப்பது செகண்டுக்கு ஒண்ணு, தவறாம. உங்க அண்ணன் மனுஷனா, கடிகாரமா?"

பக்கம் தானாகவே கேட்டு வாங்கும், எதிரே ஆள் இல்லாவிட்டாலும் வாங்கும் என்று ஒப்புக்கொண்டாள்.

அப்போதுதான் பதிவில் ஒரு வரி கண்ணில் பட்டது. 4.07.

"சார்... ஆட்ட நாயகன் ஓட்டெடுப்பு. இது தானா நடக்காது. கையால அமுக்கணும். நாலு மணிக்கு ஊர்க்கோடியில சுட்டவன், ஏழு நிமிஷத்துல வீட்டுக்கு எப்படி வர முடியும்?"

"முடியாது," என்றார் ஒலிவேரா. "விட்டுட வேண்டியதுதான். யாருக்குப் போட்டாரு?"

நெலிடா பார்த்தாள்.

நாசியோனால் அணியின் கோல்கீப்பருக்கு.

வில்மார் எதிரணியான பெஞரோலின் வெறியன். பெண் வீட்டார் நாசியோனால் என்று தெரிந்து நிச்சயதார்த்தத்தையே நிறுத்தியவன்.

சொல்லாமல் விட்டால் அண்ணன் இன்றே வெளியே வருவான்.

"அது என் அண்ணன் கை இல்ல, சார்," என்றாள் மெதுவாக.

ஒலிவேரா எழுந்து லாக்கப்புக்குப் போனார். உங்கள் வீட்டிலிருந்து நாசியோனாலுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த வில்மார் துள்ளி எழுந்தான்.

"என் கம்ப்யூட்டர்லயா? மிர்த்தாவுக்கு அவ்வளவு திமிரா?"

ரமோன் மனைவியின் பெயரை எழுத ஒலிவேரா பேனாவைத் திறந்தார்.

"மிர்த்தாவுக்கு ஒரு 'த்'தா, ரெண்டா?"