ஆட்சேபணை இருந்தால் ஆறு மணிக்குள்

அவள் எழுந்து நின்று கேட்ட கேள்வியில் ஆறு கண்டங்களும் ஒரே நேரத்தில் தலை திருப்பின. ஏழாவது கண்டத்திலிருந்து யாரையும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் பென்குவின்களும் திரும்பியிருக்கும்.

மைசூரை மழை பிடித்துக்கொண்டு விடாத ஒரு ஜூலை முற்பகல். ‘உலக ஆளுகை: இன்றைய சவால்கள்’ என்று வாசலில் தென்னை மர உயரத்துக்குப் பதாகை. உள்ளே, உலகத்தைத் திருத்த வந்த அத்தனை பேரும் குளிரூட்டியில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். போர், பருவநிலை, கொள்ளைநோய் எல்லாவற்றையும் காபிக்கு முன்பே ஒரு கை பார்த்துவிட்டு, நர்சுகள் பக்கம் வந்திருந்தார்கள். வசதியான நாடுகள் மற்ற நாடுகளின் நர்சுகளை அள்ளிக்கொண்டு போகலாமா? இதற்கென்று உலக நாடுகள் கூடி ஒரு நெறிமுறை வகுத்திருக்கின்றன. மீறினால் கேட்கத்தான் ஆளில்லை.

அதைத்தான் மதன் முழங்கிக்கொண்டிருந்தான். பொதுக்கொள்கை விரிவுரையாளன், தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரன். நம் நர்சுகள் கசிந்துகொண்டே இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னான்.

மண்டபத்தின் கடைசியில் முதலுதவி மேசையோடு உட்கார்ந்திருந்த கேரலுக்குச் சுருக்கென்றது. மருத்துவமனை அவளை அனுப்பியது மயங்கி விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்க. அவளோ எழுந்து நின்றாள். நாங்கள் என்ன ஓட்டைக் குழாயில் வருகிற தண்ணீரா, கசிவதற்கு? எங்கே வேலை செய்வது என்று எங்களைத் தவிர எல்லாரும் முடிவு செய்வீர்களா? நான் ஜெர்மன் மொழி படிக்கிறேன், பரீட்சை முடிந்ததும் போகப்போகிறேன், தடுக்கிறவர் தடுக்கலாம்... அவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டாள்.

மண்டபம் சிரித்தது. மதன் பதில் சொல்லக் கையை வீச, கண்ணாடித் தம்ளர் மேடையிலிருந்து விழுந்தது. அவன் குனிந்து பொறுக்க, உள்ளங்கை கிழிந்தது. உலக ஆளுகையின் முதல் ரத்தம்.

முதலுதவி மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தான். மருந்து பட்டதும், “அய்யோ சாமி...” என்று முனகினான்.

அவள் நிமிர்ந்தாள். “தமிழா ரீ நீங்க?” கன்னடத்து மரியாதை ‘ரீ’ அவள் தமிழிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க... மெதுவாப் போடுங்க.”

அந்தக் கண்கள்! ஐ.நா. பொதுச்சபையில் அவை ஒருமுறை இமைத்தால் போதும், எல்லா நாடுகளும் பேச வந்ததை மறந்து சபையை ஒத்திவைத்துவிடும். மதன் ஒருவன் மட்டும் எப்படித் தாங்குவான்? தான் அவனைப் பார்க்கவே இல்லை என்று கேரல் பின்னால் சாதித்தாள். ஆனால் கட்டுத்துணி உள்ளங்கையோடு நிற்காமல் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. பார்க்காதவள் எங்கே நிறுத்துவது என்று எப்படி மறப்பாள்?

“தழும்பு விழாது. பயப்படாதீங்க” என்றாள்.

காயம் சமர்த்தாக ஆறிவிட்டது. அவன்தான் ஆறவிடாமல், கட்டு மாற்ற வேண்டும் என்று மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தான். கட்டுக்குக் கீழே மாற்ற ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும். புதுக்கட்டுப் போட்டு அனுப்பினாள்.

பிறகு குக்கரஹள்ளி ஏரிக்கரை. குடை ஒன்றுதான், இரண்டு பேரும் அதற்கு வெளியே நனைந்தார்கள். அங்கேதான் அவன் நாடுகள் சம்மதிக்கும் விதத்தைச் சொன்னான்.

“வரைவை எல்லாருக்கும் அனுப்பிருவாங்க. கெடு ஒண்ணு வெப்பாங்க. அதுக்குள்ள யாரும் வாயத் தொறக்கலீன்னா, அத்தன பேருக்கும் சம்மதம்னு அர்த்தமுங்க.”

“எங்க வீடும் அப்படியேதான் ரீ. அப்பா வாயே திறக்க மாட்டார். அம்மா எல்லாத்தையும் பாஸ் பண்ணிடுவாங்க. ஆமா... கெடு முடிஞ்சப்புறம் பிடிக்கலைன்னா?”

“எந்திரிச்சு விளக்கம் சொல்லலாமுங்க. முடிவுல ஒரு எழுத்துக்கூட மாறாது. பதிவு மட்டும் பண்ணிக்குவாங்க.”

“ஒண்ணும் மாறாதுன்னா அப்புறம் எதுக்கு?”

அவன் தண்ணீரைப் பார்த்தான். “பின்னாடி யாராச்சும் படிச்சுப் பார்த்தா, ஒருத்தன் மனசார ஒத்துக்கலைன்னு தெரியோணுமில்லீங்களா...”

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே எல்லாமே வரைவுதான். ‘இன்று மசால் தோசை. ஆட்சேபணை இருந்தால் நாலு மணிக்குள்.’ ஆட்சேபணை எழுந்ததே இல்லை. உலகச் சரித்திரத்திலேயே இத்தனை தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறியது அந்த ஏரிக்கரையில்தான்.

ஒரே ஒரு வரைவை மட்டும் இருவரும் தொடவில்லை. ஜெர்மனி.

ஒருநாள் அவன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். மஞ்சள் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரை, கெம்பையன் என்ற பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட்டினாராம். டாக்டர் வேறு ஊர் முகாமில். நர்சின் நாற்காலி வெகுநாளாகவே காலி, அந்தம்மா வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்தார். அப்பா பிழைக்கவில்லை. அந்த நர்சம்மாமேல் கோபமில்லை என்றான் மதன். அந்தக் காலி நாற்காலி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லையாம்.

கேரலின் வார்டில் நர்சுகள் இருந்தார்கள்தான்... ஒரு கட்டிலுக்கு ஓடும்போது இன்னொரு கட்டில் கூப்பிடும், அதற்குள் மூன்றாவது கட்டில் அடங்கிவிடும். அப்படி அடங்கிய முகங்களிடமிருந்து தப்பிக்கத்தான் அவள் ஜெர்மன் இலக்கணத்தை நெட்டுருப் போட்டாள். அதைச் சொல்ல நினைத்தாள். அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் அது சாக்குப்போக்காகத் தெரிந்துவிடுமோ என்று விழுங்கினாள்.

மொழிப் பரீட்சையில் தேறினாள், ஜெர்மனியிலிருந்து வேலை ஒப்பந்தம் வந்தது. அம்மா விக்டோரியா அதைப் பங்குச் சாமியாரிடம் சொல்ல, சாமியார் திருப்பலியில் அறிவிக்க, ஞாயிறு மாலைக்குள் சாமுண்டி மலை நந்தி ஒன்றைத் தவிர மைசூரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா பர்னபாஸ் வழக்கம்போல் மௌனம். வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருக்க, கேரல் கைப்பேசியில் தட்டினாள்.

‘வரைவு: கேரல் ஜெர்மனி போகிறாள். ஆட்சேபணை இருந்தால் சனிக்கிழமை ஆறு மணிக்குள்.’

விளையாட்டைப் போலத்தான் எழுதினாள். அனுப்பிவிட்டுத் திரையை அணையவிடாமல் பிடித்துக்கொண்டாள். போகாதே என்று ஒரு வார்த்தை... அது போதும், இங்கேயே இருந்துவிடுவாள். கேட்டு வாங்க மட்டும் அவளால் முடியாது. ஆயிரம் பேர் முன்னால் ‘தடுக்கிறவர் தடுக்கலாம்’ என்று சொன்ன வாய், தடுத்துவிடு என்று எப்படிக் கெஞ்சும்?

சனிக்கிழமையும் மழை. சீருடைப் பையில் கைப்பேசி கல்லாய்க் கனத்தது. ஊசி போடும்போதும் காது பையில்தான். சுவர்க்கடிகாரத்தில் ஆறு அடித்தது.

மௌனம்.

உலகத்து நர்சுகள் அத்தனை பேரையும் தடுக்க மேடையேறியவனுக்கு, இந்த ஒருத்தியைத் தடுக்க ஒரு சொல் இல்லை. சரி... சம்மதம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அவள் ஏரிப்பக்கம் போகவில்லை. அவனும் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை. விசா வந்தது. பெட்டி நிறைந்தது. அம்மா ஊறுகாயை மட்டும் ஜெர்மனி முழுவதற்குமாகக் கட்டினாள்.

விமான நிலையம் போகும் பேருந்து மைசூர் பேருந்து நிலையத்திலிருந்து மதியம் புறப்படும். பெற்றோரை அவள் பேருந்துக்குள் உட்கார வைத்துவிட்டுப் பெட்டி ஏற்ற வந்தபோது, தொப்பலாக நனைந்து மதன் நின்றிருந்தான். கையில் குடை... விரிக்கவில்லை. முகம் இளைத்திருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பயண நாள் அவனுக்கு மட்டும் தெரியாமல் போகுமா?

“நேரம் எப்பவோ முடிஞ்சு போச்சு” என்றாள். குரல் கேரலுக்கே அந்நியமாக இருந்தது.

“தெரியுமுங்க. மாத்தச் சொல்ல வரலீங்க.” மூச்சு வாங்கினான். “அன்னிக்கு எழுதி எழுதி அழிச்சேன். போகாதீங்கன்னு சொன்னா, எங்கய்யனுக்காகச் சொல்றனா, எனக்காகச் சொல்றனான்னு புரியல. மேடையில பேசுனவன் உங்களையும் ஒரு நர்சாத்தான் பாக்கறான்னு நெனச்சுருவீங்களோன்னு... உங்க கால்ல நான் வெலங்கு போடலாமுங்களா? அதான் சும்மா இருந்துட்டேன்.”

நடத்துனர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

“முடிவுல ஒரு எழுத்தும் மாற வேண்டாங்க. விளக்கத்தை மட்டும் பதிவு பண்ணிக்கோங்க.” அவன் குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. நர்சுக்காக இல்ல... நாட்டுக்காக இல்ல. எனக்காக, நீங்க இங்கயே இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.”

அவள் மழையைப் பார்த்தாள். அழக்கூடாது என்று கண்களுக்கு உத்தரவு போட்டாள். பொதுச்சபையையே ஒத்திவைக்கும் கண்கள், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“என்னோடதும் ஒண்ணு இருக்கு” என்றாள். “அன்னிக்கு ஆறு மணிக்கு நான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல ரீ. கெடுவை நானே நீட்டிட்டேன். உங்ககிட்ட சொல்லல.”

“எது வரைக்குங்க?”

“மறுநாள் பூசை முடியற வரைக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் போனைப் பார்த்தேன். எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணினாங்க... நல்லபடியாப் போகணும்னு. அதுக்கப்புறம்தான் போட்டேன்.”

அவன் குடை கீழே விழுந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு ராத்திரி தாமதமாக வந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும். அது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

“பேடா... வேண்டாம், அழாதீங்க” என்றாள், தான் அழுதுகொண்டே. “இதையும் பதிவு பண்ணிக்கோங்க. எனக்கும்தான் பிடிச்சிருக்கு. மேசைக்கு வந்து முனகினீங்களே, அப்பவே.”

போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது. ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார். வாழ்க்கையில் எதற்கும் வாய் திறக்காத மனிதர், அவளுடைய பாஸ்போர்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தார். ஜெர்மனியில் ஒரு வார்டு அவள் பெயரை எழுதி வைத்துக் காத்திருக்கிறது. இங்கே ஒருவன்... காத்திருக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனும் காத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு கெடு ஆகிவிடும் என்று இருவருக்கும் பயம்.

பேருந்து உறுமியது. அவள் படியில் ஏறி, சட்டென்று திரும்பி அவனுடைய வலது கையைப் பிடித்து விரித்தாள். மழைத் தண்ணீர் தேங்கிய உள்ளங்கையின் குறுக்கே, வெளிறிய ஒரு கோடு. நர்சுக்கே உரிய கவனத்தோடு அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

“தழும்பு விழாதுன்னு சொன்னேன்ல...” என்றாள். “தப்பாச் சொல்லிட்டேன்.”