நடந்து போன வேலி

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் 'கண்டது சொல்லுதல்'. அந்த வாரத்தில் கண்ணால் கண்ட ஏதாவது ஒன்றை எழுந்து நின்று சொல்ல வேண்டும். யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்லக் கூடாது. புத்தகத்தில் படித்ததையும் சொல்லக் கூடாது. நேசம்மா ரீச்சர் இதில் மிகவும் கண்டிப்பு.

உபதேசியாரின் மகன் ஹரோல்ட் எப்போதும் பெரிய பெரிய விஷயமாகத்தான் காண்பான்.

"பருத்தித்துறைக் கடலிலை பாய்மரக் கப்பல் கண்டனான் ரீச்சர்! பாய் எங்கடை பள்ளிக்கூடத்தைவிடப் பெரிசு!"

வகுப்பே வாயைப் பிளக்கும். அதன் பிறகு என் முறை வரும்.

"மாடு படுக்கேக்கை முன்னங்காலைத்தான் முதல் மடிக்குது ரீச்சர். எழும்பேக்கை பின்னங்காலிலைதான் முதல் எழும்புது."

ஹரோல்ட் சிரிப்பான். "உதை ஆர் கண்டது?" என்று கேட்பான். அவ்வளவுதான், எல்லோரும் சிரிப்பார்கள்.

என் பக்கத்தில் இருக்கும் செல்வநாயகி அந்த மாட்டை என்னோடு சேர்ந்துதான் பார்த்தாள். அவள் வீட்டு மாடுதான் அது. ஆனால் அவள் எழுந்து சொல்ல மாட்டாள். அவளுக்கு அவ்வளவு கூச்சம். என் காதுக்குள் மட்டும், "நானும் கண்டனான் குணம்" என்பாள். என் காதுக்கு அது ஏற்கெனவே தெரியுமே! ஹரோல்டின் காதுக்கல்லவா சொல்ல வேண்டும்!

இருந்தாலும் அவள் என் கூட்டாளி. எங்கள் வீட்டு வளவும் அவர்கள் வீட்டு வளவும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு வேலி. அந்த வேலியில், எங்கள் கிணற்றடிக்கு நேரே, ஒரு பொட்டு இருந்தது. வேலிக்கு நட்ட இரண்டு கதியால் தடிகளுக்கு நடுவே தென்னோலைக் கிடுகு கட்டாமல் ஓர் ஆள் நுழைந்து போகிற அளவுக்கு விட்ட வழி அது. அந்தப் பொட்டால் போகாத சாமான் இல்லை. அம்மா கூழ் காய்ச்சினால் ஒரு சட்டி அந்தப் பக்கம் போகும். செல்வநாயகியின் அம்மா, மாமி, தோசை சுட்டால் ஒரு தட்டு இந்தப் பக்கம் வரும். காலையில் செல்வநாயகியும் அதனூடாகத்தான் வருவாள். எங்கள் வாசற் படலையைத் திறந்தால் புத்தூர்ப் பெரிய தெரு. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம்.

அந்தப் பொட்டுத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் அடைபட்டுப் போனது.

ஐப்பசி பிறந்திருந்தது. பெருமழைக்கு முன் எல்லோரும் வேலி அடைப்பார்கள். எங்கள் நடுவேலியில் தெருப் பக்கத்துப் பாதியை என் தகப்பனான ஐயா அடைப்பார். பின்பக்கத்துப் பாதியைச் செல்வநாயகியின் தகப்பன் கந்தப்பு அம்மான் அடைப்பார். அது அந்தக் காலத்திலிருந்து உள்ள ஒழுங்கு.

அன்று ஐயா பழைய கிடுகுகளை அவிழ்த்துப் போட்டார். அவிழ்த்த பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முருங்கை மரத்தையே பார்த்தார்.

"கந்தப்பு!" என்று கூப்பிட்டார். மற்ற நாளில் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். 

"என்ன?" என்று அம்மான் வந்தார்.

"என்ரை முருங்கைக்கும் வேலிக்கும் நடுவிலை முந்தி ஒரு ஆடு கட்டுற இடம் இருந்தது. இப்ப வேலி மரத்திலை உரஞ்சுது. மரம் நடந்ததோ, வேலி நடந்ததோ?"

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறாய்?"

"வேறை ஆரிட்டைக் கேக்கிறது? உன்ரை பக்கத்திலையிருந்துதானே தள்ளலாம்!"

அம்மானுக்கு மூக்கு நுனியில் கோபம். "நான் தள்ளினனானோ? பின்னுக்கு வந்து பார். என்ரை தேசிமரத்தை முட்டிக்கொண்டு நிக்குது வேலி. அதை ஆர் தள்ளினது? நீ!"

"நானோ?"

"பின்னை நானோ?"

இப்படியே 'நீ', 'நான்' என்று வெகு நேரம் போயிற்று. கடைசியில் ஐயா மண்ணைக் குத்தும் இரும்பு அலவாங்கை எடுத்து வந்தார். பொட்டின் நடுவில் புதிதாகக் கதியால் நட்டார். அதன் இரு கரையிலும் கறையான் தின்ற பழைய கதியால்கள் இருந்தன. அவை நிலமட்டத்தில் முறிந்து கட்டையாக நின்றன. அவற்றுக்குப் பதிலாகவும் நட்டார். பிறகு இடைவெளி தெரியாமல் கிடுகு வைத்துக் கட்டினார். நான் கிணற்றுக்கட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது என் பழக்கம்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை.

திங்கட்கிழமை செல்வநாயகி பள்ளிக்கூடம் வரவில்லை. அவர்கள் வளவுக்கும் பெரிய தெருவுக்கும் நடுவே வேறொருவர் காணி இருப்பதால், அவள் வீட்டுப் படலை பின்பக்கத்துக் குறுகலான ஒழுங்கையில் இருக்கிறது. மாரி மழையில் அந்த ஒழுங்கை குளமாகிவிடும். தவளைக்கு அது வழி, பிள்ளைகளுக்கு வழியில்லை.

அன்றுதான் நேசம்மா ரீச்சர் அந்தச் செய்தியைச் சொன்னார். "வாற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உங்களைச் சோதிக்க வாறார். அண்டைக்கு வராத பிள்ளையள் வாற வருசமும் இதே நாலாம் வகுப்பு வாங்கிலைதான் இருக்க வேணும். செல்வநாயகியிட்டைச் சொல்லிவிடு குணம்."

வீட்டுக்கு ஓடி வந்து வேலியடியில் குந்தினேன். கிடுகு ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னேன்.

 மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்ப நீ அஞ்சாம் வகுப்புக்குப் போவாய். நான் இஞ்சையே இருப்பனோ?"

"இருக்க மாட்டாய். இந்தப் பொட்டைத் திறப்பிக்காமல் நான் விட மாட்டன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படித் திறப்பிப்பது என்று எனக்கே தெரியாது.

முதலில் ஐயாவிடம் கேட்டேன். "வேலிக் கதை இந்த வீட்டிலை கதைக்கக் கூடாது" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். "நானும் கேட்டுப் பாத்திட்டன் பிள்ளை. கறிக்குப் புளி விடத் தேசிக்காய் இல்லாமல் நானே அந்தரப்படுறன். உன்ரை ஐயாவுக்குப் பிடிச்சால் பிடிச்சதுதான்" என்றார்.

ஐயாவின் பிடிவாதம் அவருக்கு மட்டுமா உண்டு? நான் அவருடைய மகள் அல்லவா!

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மழை கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடியும் வேலியடியில் இருந்தேன். யோசிக்கும்போது என் கை சும்மா இராது. தேங்காய்ச் சிரட்டையால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஐயா நட்ட புதுக் கதியாலுக்கு அப்பால், முறிந்த பழைய கட்டை தெரிந்தது. கிடுகுக்குக் கீழே கையை விட்டு இன்னும் கிண்டினேன். அதற்கும் அப்பால், உக்கிக் கறுத்துப்போன இன்னொரு கட்டை!

புதுசு எங்கள் பக்கம். பழசு அதற்கு அப்பால். அதைவிடப் பழசு அதற்கும் அப்பால்.

அடுத்த கதியாலடியில் கிண்டினேன். அங்கேயும் அப்படித்தான். சனிக்கிழமை பார்த்தது எனக்கு நினைவு வந்தது. ஐயா ஒவ்வொரு கதியாலையும் பழைய கட்டைக்கு இந்தப் பக்கமாகத்தான் நட்டார்!

"செல்வநாயகி! ஓடிப்போய்ப் பின்வேலியிலை, தேசிமரத்தடியிலை கிண்டிப் பார். பழங்கட்டை எந்தப் பக்கம் நிக்குது?"

அவள் போய்விட்டு மூச்சு வாங்க வந்தாள். "கதியாலுக்கு அங்காலை நிக்குது குணம். உங்கடை பக்கம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். வேலியை ஒருவரும் தள்ளவில்லை. ஐயா தன் பாதியைத் தன் வளவுக்குள் இழுத்திருக்கிறார். அம்மான் தன் பாதியைத் தன் வளவுக்குள் இழுத்திருக்கிறார். வருசா வருசம், கொஞ்சம் கொஞ்சமாக, தங்கள் காணியைத் தாங்களே மற்றவருக்குக் கொடுத்துவிட்டு, இப்போது சண்டை பிடிக்கிறார்கள்!

ஆனால் நான் போய்ச் சொன்னால் கேட்பார்களா? "உதை ஆர் கண்டது?" என்று ஹரோல்டைப் போலத்தான் கேட்பார்கள். அவர்கள் தங்கள் கண்ணாலேயே காண வேண்டும். தங்கள் காதாலேயே கேட்கவும் வேண்டும்.

"நாளைக்குப் பின்னேரம் உன்ரை ஐயாவை வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு வா" என்றேன்.

"ஐயோ, நான் என்னெண்டு கேக்கிறது? எனக்குப் பயமாக் கிடக்கு."

"பயந்தால் இதே வாங்குதான்."

 "சரி, கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள்.

புதன்கிழமை பின்னேரம் ஐயா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பொட்டு அடைச்ச இடத்தாலை கோழி போகுது. இன்னும் ஒரு கதியால் வேணும் போலை" என்றேன். பொய் இல்லை. எங்கள் சிவப்புக் கோழி அன்றைக்கு மட்டும் மூன்று தடவை போய் வந்தது. அதற்கு ஒருவரோடும் கோபம் இல்லை.

"கோழி போகுதோ!" ஐயா உடனே அலவாங்கை எடுத்தார். வேலையென்றால் அவருக்குச் சொல்லி வாய் மூட முன் கை முந்தும்.

அவர் வந்து ஓங்கிக் குத்தினார். பழைய கட்டைக்கு இந்தப் பக்கம்தான். வேலிக்கு அப்பால் காலடிச் சத்தம் கேட்டது. செல்வநாயகி கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்! 

"ஏன் ஐயா இந்தப் பக்கம் நடுறியள்? கட்டைக்கு அங்காலை நட்டால் என்ன?" என்று உரத்துக் கேட்டேன்.

ஐயா நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறாய்? அங்காலை நட்டால் அவன்ரை காணியெல்லோ! நாளைக்குப் 'பொன்னம்பலம் எல்லை தாண்டிப் போட்டான்' எண்டு ஊர் சொல்லுமே? நான் அலவாங்கு பிடிச்ச நாளிலையிருந்து ஒருத்தற்றை காணிக்குள்ளையும் ஒரு கதியால் நட்டதில்லை. எப்பவும் என்ரை பக்கந்தான்!"

வேலிக்கு அப்பால் ஒரு செருமல் கேட்டது.

"நானும் அப்பிடித்தானே நடுறனான்" என்றார் அம்மான். அவர் குரல் மெல்லமாக இருந்தது.

ஐயாவின் கையில் அலவாங்கு அப்படியே நின்றது.

"எப்பவுமோ?" என்று கேட்டார் ஐயா.

"எப்பவுந்தான். மற்றவன்ரை மண் எனக்கேன்?"

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சின்னக் குரல் ஒன்று வந்தது. செல்வநாயகி! "பெரியவை கோவிக்கக் கூடாது. நாங்கள் கிண்டிப் பாத்தனாங்கள். பழங்கட்டையெல்லாம் அப்பிடியே கிடக்கு. நீங்களும் வந்து பாருங்கோவன்."

நான் கிண்டிய குழியை ஐயாவுக்குக் காட்டினேன். ஐயா குந்தியிருந்து ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து பின்வேலிக்குப் போனார். வேலியின் அந்தப் பக்கம் அம்மானும் நடந்து போனது கேட்டது. தேசிமரத்தடியில் இரண்டு பேரும் வெகு நேரம் நின்றார்கள்.  மழைத் துளிகள் மட்டும் இலையிலிருந்து சொட்டின.

திரும்பி வந்த ஐயா பொட்டடியில் நின்றார். தான் நட்ட கதியாலைப் பிடித்து ஆட்டினார்.

"உது சரியான கதியால் இல்லை. வேர் பிடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதைப் பிடுங்கிப் போட்டார்.

"கிடுகும் சரியில்லை" என்று அந்தப் பக்கமிருந்து அம்மான் சொன்னார். கிடுகு கட்டிய கயிற்றை வெட்டும் சத்தம் கேட்டது. கிடுகு சரிந்து விழுந்தது. நடுவில் அம்மானின் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் செல்வநாயகி, இரண்டு கையிலும் சேறு.

"மச்சான், முருங்கையடியிலை நீ எனக்குத் தந்த நிலத்திலை நான் என்ன நடுறது?" என்று கேட்டார் அம்மான்.

"தேசிமரத்தடியிலை நீ தந்ததிலை நான் நடுறதைத்தான் நடு!" என்றார் ஐயா.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடு பயந்து எழும்பியது. பின்னங்காலில்தான் முதல் எழும்பியது. நான் பார்த்தேன்.

அம்மா பொழுதை வீணாக்கவில்லை. பொட்டால் நுழைந்து தேசிக்காய் வாங்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய மீசை, கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி. கணக்குக் கேட்டார், வாசிக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் தப்பிவிட்டோம். கடைசியில், "உங்கடை வகுப்பிலை கண்டது சொல்லுறதாமே? ஆராவது ஒரு ஆள் சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

ஹரோல்ட் கையை உயர்த்தினான். ஆனால் நான் அதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

"எங்கடை வேலி நடந்து போனதைக் கண்டனான் ஐயா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நேசம்மா ரீச்சர் தலையில் கை வைத்தார். இன்ஸ்பெக்டரின் மீசைகூட ஆடியது.

"வேலி நடந்ததோ? உதை ஆர் கண்டது?" என்று ஹரோல்ட் கேட்டான்.

என் பக்கத்தில் வாங்கு கிறீச்சிட்டது. செல்வநாயகி எழுந்து நின்றாள்.  

"நான் கண்டனான்" என்றாள். "மற்றப் பக்கத்திலையிருந்து."